வேஷம் கலைகிற நேரம்

நாடகத்தை மருந்தாகக் கொடுக்கிற வைத்திய முறை ஒன்று உண்டு. மனம் நொந்து வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்பதற்குப் பதிலாக, எழுந்து நிற்கச் சொல்லி, "நடித்துக் காட்டுங்கள்" என்பார்கள். நேரே சொல்ல வராத துக்கத்தையும் பயத்தையும் கோபத்தையும் ஒரு வேஷத்துக்குள் புகுந்துகொண்டு சொல்லிவிடலாம் என்பது அதன் அடிப்படை. மேல்நாட்டில் இதற்கென்று படித்துப் பட்டம் பெற்றவர்கள் மனநல மருத்துவமனைகளிலும் சிறைச்சாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்க்கிறார்கள். நம் நாட்டிலும் அங்கங்கே ஆரம்பமாகியிருக்கிறது.

இந்தத் தொழிலை வைத்தியனாக நின்று எடை போட எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் நாடக வைத்தியர் கையாளுகிற சரக்கு இருக்கிறதே, பாத்திரம், சம்பவம், உச்சகட்டம், முடிவு, அத்தனையும் எங்கள் கடைச் சரக்கு. இருபது வருஷமாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறவன் என்ற ஒரே உரிமையில் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் துணிகிறேன். ஒரு விஷயத்தில் என் மனம் உறுத்திக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வைத்தியத்துக்கு ஒரு ஸ்தல புராணம் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

ஜேக்கப் மோரினோ என்ற மருத்துவர், 1889-ல் ருமேனியாவில் பிறந்து வியன்னாவில் படித்தவர். 1920-களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஒரு நாடக அரங்கை நடத்தினார். அங்கே வசனம் எழுதிக் கொடுப்பது கிடையாது. அன்றன்றைக்கு ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்வார்கள். நடிகர்கள் அந்த நிமிஷத்தில் தோன்றியதைப் பேசி நடிக்க வேண்டும். அந்தக் குழுவில் பார்பரா என்று ஒரு நடிகை. சாந்தமும் கற்பும் உருவான பெண் வேஷங்களில் பெயர் பெற்றவள். தினமும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்த ஜார்ஜ் என்ற எழுத்தாளர் அவளைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டார். கொஞ்ச நாளில் அவரே மோரினோவிடம் வந்து முறையிட்டார்: மேடையில் தேவதையாக இருக்கிறவள் வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள், அடிக்கக்கூடச் செய்கிறாள்.

மோரினோ அவளுக்கு வேஷத்தை மாற்றிக் கொடுத்தார். தெருவில் நின்று பிழைக்கிறவள், சண்டைக்காரி, கொலையுண்டு சாகிறவள். அவள் வெறி கொண்டவள்போல் நடித்துத் தீர்த்தாள். வீட்டில் சண்டை குறைந்தது. பிறகு கணவனையும் மேடை ஏற்றி, இருவருடைய வீட்டுச் சண்டைகளையே நாடகமாக நடிக்கவைத்தார். கடைசியில் இருவரும் தங்களையும் ஒருவரையொருவரும் புரிந்துகொண்டார்கள் என்று மோரினோ எழுதுகிறார். 1925-ல் அமெரிக்கா போன அவர், 1936-ல் நியூயார்க் மாநிலத்துப் பீக்கன் என்ற ஊரில் ஒரு மருத்துவ இல்லம் நிறுவி, அதற்குள்ளேயே ஒரு மேடையும் கட்டினார். பார்பராவின் கதையை அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

கதை என்ற முறையில் இது நல்ல கதை. ஆரம்பம் கச்சிதம், திருப்பம் கச்சிதம். அந்தக் கச்சிதந்தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஒரு சிறுகதை இவ்வளவு ஒழுங்காக முடிந்தால், அதை எழுதியவன் எதையோ கத்தரித்திருக்கிறான் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்த ரகசியம். மோரினோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரெனே மாரினோ அந்த மிச்சத்தைத் தேடிக் கண்டெடுத்தார். ஜார்ஜ் என்பவர் கேயார்க் குல்கா என்ற கவிஞர். அவர் 1929-ல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

அந்த மரணத்துக்கும் மேடைக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஒரு மனிதன் ஏன் சாகிறான் என்பதற்கு அவ்வளவு எளிதாகக் காரணம் சொல்லிவிட முடியாது. நான் சொல்ல வந்தது கதை சொல்லும் முறையைப் பற்றி. மனைவி ஆடித் தீர்த்தாள், சண்டை அடங்கியது என்ற இடத்தில் திரையைப் போட்டுவிட்டால் அது வைத்தியரின் வெற்றிக் கதை. திரைக்குப் பின்னால் அந்த இருவரும் வேஷத்தைக் கலைத்துவிட்டு, இருட்டுத் தெருவில் நடந்து வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தார்களே, அங்கே நடந்தது யாருடைய கதை? அதை யாரும் கூடப் போய்ப் பார்க்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. ஏனென்றால் இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

எங்கள் வல்லத்திராக்கோட்டை, புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற வழியில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் இல்லாமல் தீராது. இதற்கு நிரந்தரமான கம்பெனி என்று ஒன்றும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். தனித்தனியே பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்துப்போன தடத்தில் பாட்டும் கதையும் எல்லாருக்கும் பாடம். மற்றதெல்லாம் அன்றைய ராத்திரி மேடையில் அவரவர் சாமர்த்தியம். வியன்னாவில் மோரினோ புதுமை என்று செய்ததில் பாதி, எங்கள் ஊர்ப் பொட்டலில் பழைய வழக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும்வரை நடக்கும்.

அரிச்சந்திர மயான காண்டம் போட்டால் என் பெரிய அத்தை தவறாமல் வந்துவிடுவாள். மற்ற நாடகங்களுக்கு வரமாட்டாள். அவளுக்கு ஒரே பையன். ஒன்பது வயதில் கண்மாயில் மூழ்கிச் செத்துப்போனான். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம். அதற்குப் பிறகு அவனுடைய பெயரை அவள் உச்சரித்து யாரும் கேட்டதில்லை. மேடையில், பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி புலம்புவாள். பெண்கள் பகுதி முழுக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மும். அத்தை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். சிறுவனாக இருந்த நான் பலமுறை நாடகத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இதை வைத்து என்னுடைய இருபத்தெட்டாம் வயதில் ஒரு கதை எழுதினேன். சிலர் பாராட்டினார்கள். அந்தக் கதையில் பிள்ளை கண்மாயில் சாகவில்லை; பாம்பு கடித்துச் சாகிறான். நாடகத்தோடு பொருந்த வேண்டும் அல்லவா? தாய், சந்திரமதி புலம்புவதைக் கேட்டுத் தாங்காமல் எழுந்து கண்மாய்க் கரைக்கு ஓடி, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். கதறி முடித்ததும் கிழக்கு வெளுக்கிறது. பாரம் இறங்கியவளாக வீட்டுக்குத் திரும்புகிறாள். கதை முடிகிறது. அரிஸ்டாட்டில் சொன்ன கதார்சிஸ், அதாவது துன்பியல் நாடகம் பார்க்கிறவனுடைய மனத்தைக் கழுவிவிடும் என்ற கொள்கை, அப்போது எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. அதைக் கொண்டுவந்து அத்தையின் தலையில் இறக்கிவைத்தேன்.

கதை வந்த பத்திரிகையை என் சித்தப்பா மகள் ஊரில் எல்லார் முன்னிலையிலும் வாசித்துக் காட்டிவிட்டாள். அடுத்த தடவை நான் போனபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ஏய்யா, நான் எப்பய்யா கம்மாக் கரைக்கு ஓடுனேன்?"

"அது கதை அத்தை. கற்பனை."

"அழுகுறதுக்கா நான் போனேன்னு நெனைச்சே?"

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்.

"விடிஞ்சதும் மேடைக்குப் பின்னாடி போவேன். லோகிதாசன் வேசங்கட்டுன பய, மூஞ்சிப் பவுடரோட டீக்கடையில நின்னு வடை திம்பான். அவன் ஆத்தா வேசக்காரி தேங்காயெண்ணெயத் தொட்டு மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். ஒரு சொம்புல காப்பி கொண்டுபோய்க் குடுப்பேன். அதையும் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நீ அந்த நேரத்துல தூங்கிப் போயிருப்பே."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி புளியை எடுத்துக்கொண்டாள்.

நான் தூங்கித்தான் போயிருந்தேன். எல்லாச் சிறுவர்களையும்போலக் கடைசிப் பாட்டுக்கு முன்பே சாக்கில் சுருண்டுவிடுவேன். அதனால் எனக்குத் தெரிந்த மயான காண்டம் சுடுகாட்டோடு முடிந்துபோயிற்று. அத்தையினுடையது, செத்த பிள்ளை எழுந்து வடை தின்பதில் முடிந்தது. அவள் குணமாகிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். கடைசிவரைக்கும் அந்தப் பெயரை அவள் சொல்லவில்லை. ஆனால் தனக்கு வேண்டிய மருந்து எது, அது நாடகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. மோரினோவுக்கும் முழுக்கத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் நாடக வைத்தியர்கள் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. நியூயார்க்கில் இந்தத் துறையைக் கற்பித்த ராபர்ட் லாண்டி, தூரம் என்ற ஒரு சொல்லை வைத்தே நிறைய எழுதியிருக்கிறார். வேஷம் சொந்தத் துயரத்துக்கு மிக நெருங்கி வந்துவிட்டால் ஆள் மூழ்கிப்போவான். மிகத் தள்ளிப் போய்விட்டால் ஒன்றுமே தைக்காது. மூழ்காமலும் விலகாமலும் நிற்கிற இடைவெளியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் வைத்தியரின் வேலை. ஆடி முடித்த பிறகு, ஏற்ற பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொந்தப் பெயருக்குத் திரும்புவதற்கென்றே அவர்களுடைய முறையில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. ஏட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

ஆனால் ஏடு வேறு, நடப்பு வேறு. சில வருஷங்களுக்கு முன் ஒரு நகரத்தில் நடந்த இரண்டு நாள் பட்டறை ஒன்றுக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் முப்பது பேர். நடத்தியவர் கெட்டிக்காரர், நல்லவரும்கூட. ஒரு பெண்ணை, அவளுடைய தகப்பனார் ஆஸ்பத்திரியில் இறந்த இரவை நடித்துக் காட்டச் சொன்னார். வேறொரு பையன் தகப்பனாராகப் படுத்துக்கொண்டான். அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்து, பிறகு தயக்கமே இல்லாமல் வெடித்து அழுதாள். அறையில் எல்லாரும் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. கைதட்டல் எழுந்தது. தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள்.

எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். தகப்பனாராகப் படுத்திருந்த பையன் பிஸ்கோத்துத் தின்றுகொண்டு வாசலில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்கும் யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவர் அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, "நான் உன் அப்பா இல்லை, நான் இன்னார்" என்று அவள் எதிரில் சொல்ல வைத்திருக்கலாம். ஒரு டம்ளர் தேநீரை அவள் கையில் கொடுத்திருக்கலாம். அங்கே உட்கார்ந்திருந்த நான் அதையாவது செய்திருக்கலாம். நானும் செய்யவில்லை, குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பட்டறைகளை விமரிசிக்க இப்போது எங்கும் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: எத்தனை பேர் அழுதார்கள். நாவலுக்கும் சினிமாவுக்கும் நாம் வெகுகாலமாக வைத்திருக்கிற அளவுகோலே வைத்தியத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கண்ணீர் வந்தால் கட்டி உடைந்துவிட்டது என்று நினைக்கிறோம். கட்டியைக் கீறுகிறவன் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டாமல் போனால் அவனை வைத்தியன் என்பார்களா?

நம் முன்னோர் அழுகையை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களைப் பிரித்துச் சொல்கிறது. பிறரால் இழிவுபட்டது ஒன்று, உற்றாரையோ பொருளையோ இழந்தது ஒன்று, முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்ந்தது ஒன்று, வறுமை ஒன்று. நாலு விதக் காரணம் என்றால் நாலு விதக் கவனம் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அவமானப்பட்டு அழுகிறவனைப் பலர் முன்னிலையில் மறுபடி அழவைத்தால் அவமானம் இரட்டிப்பாகும். பசித்து அழுகிறவனுக்கு நாடகம் எதற்கு?

வடக்கே தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தில் கர்ண மோட்சத்தை இறந்தவருக்காகச் செய்கிற கருமாதியை ஒட்டி ஆடுவது வழக்கம். அந்த ஏற்பாட்டை யோசித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. செத்த அன்றைக்கே ஆடுவதில்லை. புண் பச்சையாக இருக்கும். நாட்கள் கழித்து ஆடுகிறார்கள். செத்தவருடைய கதையை ஆடுவதில்லை. கர்ணனுடைய கதையை ஆடுகிறார்கள். துக்கப்பட்ட குடும்பம் மேடையில் ஏறுவதில்லை. ஊர் சூழ, கீழே உட்கார்ந்திருக்கிறது. விடிந்ததும் எல்லாரும் சேர்ந்தே எழுந்து போகிறார்கள். லாண்டி சொன்ன தூரம் அத்தனையும் பட்டம் வாங்காத கூத்துக்காரர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள்.

பழையதெல்லாம் நல்லது என்று சொல்வதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. கூத்து எல்லாருக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுக்கிறது. தனி ஒருவருக்கு என்ன வேண்டும் என்று அது கேட்பதில்லை. அதற்கு ஒரு தனி வைத்தியர் தேவைதான். கேட்பாரின்றி ஊமையாகிப் போனவர்களுக்கு நடிப்பு வாயைத் திறந்துவிடும் என்பதும் உண்மைதான். காந்தி தமது சுயசரிதத்தில், சிறுவனாக அரிச்சந்திர நாடகம் பார்த்ததையும், பிறகு தனிமையில் தமக்குத் தாமே அரிச்சந்திரனாக எண்ணற்ற தடவை நடித்துப் பார்த்துக்கொண்டதையும் சொல்கிறார். பார்த்தது ஒரு மாற்று என்றால் நடித்தது பத்து மாற்று. நடிக்க வைப்பதில் குற்றமில்லை. நடித்தவரை நட்டநடுவில் விட்டுவிட்டு வருவதுதான் குற்றம்.

இதை நன்றாக உணர்ந்து செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். யுத்தம் தின்ற ஈழத்தில் இந்த வேலை பொழுதுபோக்காக ஆரம்பமாகவில்லை. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாண்ட 'மண் சுமந்த மேனியர்' 1985-ல் மேடையேறியது. பின்னர் சண்முகலிங்கம், போர் மனங்களில் விட்டுப்போன காயத்தையே பொருளாக வைத்து 'அன்னை இட்ட தீ' எழுதினார். சிதம்பரநாதன் நாடகத்தை மேடையிலிருந்து இறக்கி, ஊர் ஜனங்களே தங்கள் அனுபவத்தை ஆடிப் பார்க்கிற களப்பயிற்சிகளாக ஆக்கினார். அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஊர்ச் சடங்குகளையும் ஒப்பாரியையும் மூடநம்பிக்கை என்று தள்ளாமல், அவற்றில் உள்ள ஆற்றும் சக்தியை எடுத்துச் சொன்னவர். நாடகக்காரரும் மருத்துவரும் ஒரே ஊரில், ஒரே ஷெல்லடிக்குக் கீழே இருந்தவர்கள். நாடகம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட அவர்களுக்கு வேறு ஊர் இல்லை. அந்த வேலைக்கு ஒரு நேர்மை இருந்ததென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மட்டக்களப்பில் 1996-ல், கனடாவிலிருந்து வந்த பால் ஹோகன் என்ற ஓவியரும், பால் சற்குணநாயகம் என்ற சேசு சபைப் பாதிரியாரும் குழந்தைகளுக்காக வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் சேர்ந்து வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, வேஷம், நாடகம். ஒரு நாள் வந்து அழுதுவிட்டுப் போகிற இடமல்ல அது. மாதக்கணக்கில், மறுபடியும் மறுபடியும் வருகிற தோட்டம். குழந்தை தான் கண்டதை இன்றைக்குச் சொல்லாவிட்டால் அடுத்த தடவை சொல்லலாம், சொல்லாமலே களிமண்ணில் ஒரு மிருகம் செய்துவிட்டும் போகலாம்.

மதுரையில், காமராசர் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த பரசுராம் ராமமூர்த்தி, ஆட்டிச நிலையுள்ள குழந்தைகளோடு முகமூடிகளை வைத்துக்கொண்டு வேலை செய்தார். மனித முகத்தை ஏறிட்டுப் பார்க்கச் சிரமப்படுகிற குழந்தை முகமூடியைப் பார்க்கும். முகம் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கிறது. முகமூடி மாறாது, ஆகவே பயமில்லை. முகமூடியில் பழகிய கண்ணை மெல்ல மெல்ல மனித முகத்துக்குத் திருப்பலாம். இதில் கண்ணீரும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஒரு குழந்தை ஒரு கணம் அதிகமாக ஒரு முகத்தைப் பார்த்தது என்பதுதான் உச்சகட்டம். எந்த நாவலாசிரியனும் இதை உச்சகட்டம் என்று ஒப்புக்கொள்ளமாட்டான். ஆனால் அந்தக் குழந்தையின் தாய் ஒப்புக்கொள்வாள்.

ஆகவே நாடக வைத்தியத்தை மதிப்பிடச் சொன்னால், மேடையில் என்ன நடந்தது என்று நான் கேட்கமாட்டேன். வேஷம் கலைக்கிற நேரத்தில் யார் கூட இருந்தார்கள் என்று கேட்பேன். மறுநாளும் வந்தார்களா என்று கேட்பேன். முடிவை வைத்தியர் எழுதினாரா, நடித்தவர் எழுதினாரா என்று கேட்பேன். இந்தக் கேள்விகளை மற்றவர்களிடம் கேட்பதற்கு முன்னால் என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் அத்தையின் துக்கத்தை எடுத்தேன். அதற்கு ஒரு பாம்பைக் கொடுத்தேன். ஒரு கண்மாய்க் கரையைக் கொடுத்தேன். என் மனசுக்குப் பிடித்த ஒரு விடியலையும் கொடுத்தேன். அவளிடம் இருந்த ஒரே உண்மையான விடியலை மட்டும் தூங்கித் தவறவிட்டேன்.

அத்தை இப்போது இல்லை. அவள் போன வருஷத்துத் திருவிழாவிலும் மயான காண்டம் போட்டார்கள். கஷ்டப்பட்டு விழித்திருந்தேன். கிழக்கு வெளுத்ததும் எழுந்து மேடைக்குப் பின்னால் போனேன். லோகிதாசன் வேஷம் கட்டிய பையன் பவுடர் கலையாத முகத்தோடு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். சந்திரமதி ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து நெற்றிச் சாந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க அழுததில் குரல் கட்டியிருந்தது.

ஒரு காப்பி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த ஊர்ல ஒரு அம்மா குடுப்பாங்களே, அவங்க வரலையாண்ணே?" என்று கேட்டாள்.